தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்தால்

காலையில் நிரப்பிக் கொடுத்த ஒரு லிட்டர் பாட்டில் சாயங்காலம் முக்கால்வாசித் தண்ணீரோடு திரும்பி வருகிறது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் "தாகம் எடுக்கல" என்று பதில். உள்ளே நுழைந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓட்டம். ஏழாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை வாரக்கணக்கில் இப்படிச் செய்தால், முதலில் விசாரிக்க வேண்டியது பள்ளிக் கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்பதை (பாதி இடங்களில் விஷயம் அதோடு முடிந்துவிடும்). சுத்தமாகத்தான் இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி: இடைவேளையில் அங்கே யார் நிற்கிறார்கள்?

பள்ளி வளாகத்தில் ஆசிரியர் கண் படாத இடங்கள் மிகச் சில. கழிப்பறை, மாடிப்படித் திருப்பம், சைக்கிள் ஸ்டாண்டு, பஸ்ஸின் கடைசி இருக்கை, பி.டி. பீரியட் முடிந்து வகுப்புக்குத் திரும்பும் அந்த ஐந்து நிமிடம். சக மாணவர்களின் துன்புறுத்தல் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. அதில் சிக்கிய பிள்ளை வாயைத் திறப்பதற்கு வெகு முன்பே, அந்த இடங்களைத் தவிர்த்துத் தவிர்த்து தன் நாளையே மாற்றி அமைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் குடிக்காமல் இருப்பது அந்த ஏற்பாட்டில் ஒன்று. கவனித்துப் பார்த்தால் மதிப்பெண் சரிவதும் அதே ஏற்பாட்டின் விளைவுதான்.

இதற்குத் தமிழில் இன்னும் ஒரே சொல் நிலைக்கவில்லை. பத்திரிகைகள் பகடிவதை என்கின்றன, பேச்சில் ராகிங் என்கிறோம். பிள்ளைகளோ "ஓட்டுறாங்க", "கலாய்க்கிறாங்க", அதிகம் போனால் "டார்ச்சர் பண்றாங்க" என்று முடித்துக்கொள்வார்கள். "ஓட்டுறாங்க" என்பதற்குள் நண்பர்களின் சிரிப்பும் இருக்கலாம், தினசரி நரகமும் இருக்கலாம். சொல்லை வைத்து முடிவு கட்ட முடியாது. 1970களிலிருந்து இதை ஆராய்ந்த டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் வகுத்த மூன்று அடையாளங்கள்தான் இன்றும் உலகெங்கும் அளவுகோல்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரு தரப்பின் பலமும் சமமாக இல்லாதது. 1982 கடைசியில் நார்வேயின் வட பகுதியில் மூன்று சிறுவர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்ட பிறகு, மறு ஆண்டே அந்த நாடு தேசிய அளவில் இயக்கம் தொடங்கியது. அதிலும் அவர் பணி முக்கியமானது.

மூன்றாவது அடையாளத்தைத்தான் நம் பள்ளிகள் கோட்டைவிடுகின்றன. பலம் என்றால் உடல் பலம் என்று நினைத்து, "அவனும் இவன் உயரம்தானே, திருப்பி ஒண்ணு கொடுக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். ஐந்து பேருக்கு எதிரே ஒருவர், சிவப்பான கும்பலுக்கு எதிரே கறுத்த பெண், ஆங்கில மீடியத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர், திக்கிப் பேசுபவர், ஊரில் எண்ணிக்கை குறைந்த சாதிக்காரர்: இவை எல்லாமே பலம் சமமில்லாத நிலைதான். எளிய சோதனை ஒன்று உண்டு. "நிறுத்துடா" என்று அந்தப் பிள்ளை சொன்னால் நிற்கிறதா? அதே கிண்டலை அவன் திருப்பிச் செய்ய முடியுமா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அது விளையாட்டு இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "டேய் குண்டு, எந்திரி" என்று ஓர் ஆசிரியர் ஒரே ஒருமுறை சொன்னால் போதும், வருஷம் முழுக்க அந்தப் பெயருக்கு லைசென்ஸ் கிடைத்துவிடும். எந்த ஆலோசகரை வரவழைத்தாலும் அதை ரத்து செய்வது கடினம்.

யுனெஸ்கோ 2019ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாதத்தில் ஒருமுறையாவது இதை அனுபவித்திருக்கிறார். நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் அது எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் எப்படிச் சரிகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மூன்றாவது பெஞ்ச். பின்னால் இருப்பவன் கையில் காம்பஸ். டீச்சர் போர்டு பக்கம் திரும்பும்போதெல்லாம் அதன் முனை முதுகைத் தொடுகிறது. தினமும் குத்துவதில்லை, வாரத்தில் இரண்டு நாள்தான். ஆனால் எந்த இரண்டு நாள் என்று தெரியாது. அதனால் ஐந்து நாளும் அந்தப் பையனுடைய காது பின்பக்கமே இருக்கிறது. ஒரு சமன்பாட்டின் முதல் படியை மனதில் வைத்துக்கொண்டே இரண்டாவது படிக்குப் போக மூளைக்கு இருக்கும் இடம் சிறியது. அதில் பாதியை முதுகு எடுத்துக்கொண்டால் அல்ஜீப்ராவுக்கு மிச்சம் கொஞ்சம்தான். பெல் அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அதுவும் போய்விடும். எந்தப் படிக்கட்டு வழியாக இறங்குவது என்ற கணக்கு தொடங்கிவிடும். ரேங்க் கார்டில் இதற்குப் பெயர் "கவனக்குறைவு".

துன்புறுத்தலின் வகையைப் பொறுத்துப் படிப்பு கெடும் வழியும் மாறுகிறது. அமெரிக்காவில் 380 குழந்தைகளை மழலையர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பின்தொடர்ந்து 2006ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அடி, திட்டு, மிரட்டலுக்கு ஆளான பிள்ளைகள் பள்ளியையே தவிர்க்கத் தொடங்கினார்கள். ஒதுக்கி வைக்கப்பட்டவர்களோ பள்ளிக்கு வந்தார்கள், ஆனால் வகுப்பில் பங்கெடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுடைய மதிப்பெண் சரிந்தது இந்த வழியில்தான். அங்கே சின்னக் குழந்தைகளிடம் கண்டது நம் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கும் அப்படியே பொருந்துவதை ஆசிரியர்கள் அறிவார்கள். அடி வாங்குகிற பையனை வருகைப் பதிவேடு காட்டிக்கொடுக்கும். யாரும் பேசாமல் ஒதுக்கிவிட்ட பெண் தினமும் வருவாள், யூனிஃபார்ம் கச்சிதமாக இருக்கும், வாயே திறக்க மாட்டாள். "ரொம்ப அமைதியான பொண்ணு" என்று பெற்றோர் கூட்டத்தில் பாராட்டுகூடக் கிடைக்கும். கை தூக்கினால் பின்னால் யாரோ கிளுக்கென்று சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், அதனால் சந்தேகம் கேட்பதில்லை. தமிழ், சமூக அறிவியலில் அது பெரிதாகத் தெரியாது. கணக்கில் ஒரு பாடத்தின் மேல்தான் அடுத்த பாடம் நிற்கிறது என்பதால், ஜூலையில் கேட்காத சந்தேகம் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வில் தெரியவரும்.

படிப்பில் பின்தங்கும் பிள்ளையையும் பயத்தில் பின்தங்கும் பிள்ளையையும் பிரித்தறிய ஒரு வழி: முன்னவருக்கு ஓரிரு பாடங்களில் ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்லக் குறைந்திருக்கும். பின்னவருக்குக் காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவே எல்லாப் பாடத்திலும் சேர்ந்தாற்போல் விழும். நோட்டு காணாமல் போனது, ஜாமெட்ரி பாக்ஸ் மூன்றாவது முறை வாங்கியது, செய்முறைக் குழுவில் யாரும் சேர்த்துக்கொள்ளாததால் ரெக்கார்டு நோட்டு முடியாதது என்று கூடவே சில்லறைக் காரணங்களும் இருக்கும். இது கல்லில் பொறித்த விதி இல்லை. பயத்தில் புத்தகத்துக்குள் புகுந்துகொண்டு, இடைவேளையெல்லாம் நூலகத்தில் கழித்து முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களை யாருமே கண்டுபிடிப்பதில்லை. நல்ல மார்க்கைப் பார்த்து நிம்மதி அடைவது பெற்றோர் செய்யும் தவறுகளில் முக்கியமானது.

காலை வயிற்றுவலி நடிப்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயத்தில் குடல் இறுகுவதும் வலிப்பதும் உண்மையான வலி. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன பிறகு, வலி வரும் கிழமைகளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். ஞாயிறு இரவு, திங்கள் காலை, பி.டி. பீரியட் உள்ள நாள் என்று வட்டங்கள் கூடினால் பதில் அங்கேயே இருக்கிறது. "வளர்ந்தா சரியாப் போயிடும்" என்பதற்கும் ஆதாரமில்லை. பிரிட்டனில் 1958ல் பிறந்தவர்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்துவரும் ஆய்வில், 7, 11 வயதுகளில் அடிக்கடி துன்புறுத்தப்பட்டவர்களிடம் 45 வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாகவே காணப்பட்டன. துன்புறுத்துகிறவர்களும் தப்புவதில்லை. ஓரிடத்தில் அடி வாங்கி இன்னோர் இடத்தில் அடி கொடுக்கும் பிள்ளைகளின் நிலைதான் எல்லோரிலும் மோசம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. "இவனே ரவுடி, இவனுக்கு என்ன" என்று விட்டுவிடும் பையன் பெரும்பாலும் இந்த வகை.

சந்தேகம் வந்ததும் "யாராவது உன்னை ஏதாவது பண்றாங்களா?" என்று கேட்டால் "இல்லையே" என்பதுதான் பதிலாக வரும். கேள்வியைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். "இன்னிக்குச் சாப்பிடும்போது பக்கத்துல யாரு?" "பி.டி.ல டீம் யாரு பிரிச்சா?" "பஸ்ல எந்த சீட்?" பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், பைக்கில் போகும்போதோ காய் நறுக்கும்போதோ கேட்டால் இன்னும் நல்லது. அதற்கும் மசியாத பிள்ளைக்கு ஒரு காகித வேலை உண்டு. வகுப்பு டைம்டேபிளைப் பெரிதாக எழுதுங்கள். பீரியடுகளுக்கு நடுவில் உள்ள இடைவேளை, சாப்பாட்டு நேரம், பஸ், டியூஷன் போகும் வழி ஆகியவற்றுக்கும் கட்டம் போடுங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்று பென்சில். "எந்த நேரம் உனக்குப் பிடிக்கும், எது சுமார், எது வேணவே வேணாம், கலர் அடி." பெயர் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்ல வேண்டாம், கலர் மட்டும். எவ்வளவு மூடிய பிள்ளையும் இதைச் செய்யும். பத்து நிமிடத்தில் சிவப்புக் கட்டங்கள் எங்கே குவிகின்றன என்று தெரிந்துவிடும். கணக்கு பீரியட் சிவப்பு, ஆனால் அதே ஆசிரியர் எடுக்கும் மாலை ஸ்பெஷல் கிளாஸ் பச்சை என்றால் பிரச்சினை கணக்கிலும் இல்லை, ஆசிரியரிடமும் இல்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதில் இருக்கிறது.

பிள்ளை சொன்ன அந்த நிமிடம் வாயை அடக்குவது முக்கியம். "நீ என்ன பண்ணே?" என்று கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். "நாளைக்கே வந்து அவனை ரெண்டு அறை விடறேன்" என்றால் பிள்ளை சொன்னதையே வாபஸ் வாங்கும். "சொன்னது நல்லது. உன்னைக் கேட்காம எதுவும் செய்ய மாட்டேன்" என்ற இரண்டு வாக்கியம் போதும். இரண்டாவது வாக்கியத்தைக் காப்பாற்றவும் வேண்டும்.

அடுத்த கட்டத்தில்தான் பெரும்பாலான வீடுகளும் பள்ளிகளும் சறுக்குகின்றன. சொல்வதற்கு முன்னால் இருந்ததைவிட, சொன்ன பிறகு வரும் இரண்டு மூன்று நாட்கள் பிள்ளைக்கு ஆபத்தானவை. 2023 ஆகஸ்ட் 9 இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரை உடன் படித்தவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதற்கு முன்பே சில நாட்களாக அந்த மாணவர் பள்ளிக்குப் போகவில்லை. பள்ளி காரணம் கேட்டது, தொந்தரவு வெளியே வந்தது, புகார் எழுதித் தரப்பட்டது. பாதுகாப்பு வந்து சேர்வதற்குள் புகார் போய் எதிர்த் தரப்பைச் சேர்ந்துவிட்டது. அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசையில் இருக்கை, 500 பேருக்கு மேல் படிக்கும் இடைநிலைப் பள்ளிகளுக்கு நல அலுவலர் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இருக்கை விஷயம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் வகுப்புக்குள் கும்பல் கூடுவதே பெஞ்சில்தான்.

ஆகவே புகாரைக் கொடுக்கும்போதே பாதுகாப்பையும் அதே தாளில் கேட்டு வாங்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். தேதி, இடம், நேரம், என்ன சொன்னார்கள் அல்லது செய்தார்கள், யார் பார்த்தார்கள். "தினமும் கொடுமை செய்கிறார்கள்" என்ற வரி எந்த விசாரணையிலும் நிற்காது. "12ஆம் தேதி மதியம், இரண்டாம் மாடிப் படிக்கட்டு, டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டார்" என்பது நிற்கும். கீழே மூன்று கோரிக்கைகள்: சிவப்புக் கட்டமான இடத்தில் அந்த நேரத்துக்கு ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும், இருக்கையையோ பிரிவையோ மாற்றுவதென்றால் துன்புறுத்தியவரை மாற்ற வேண்டும், பிள்ளை நேராகப் போய்ப் பேச ஒரு குறிப்பிட்ட ஆசிரியரைச் சொல்ல வேண்டும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் துன்புறுத்தல் தடுப்புக் குழு அமைக்கச் சொல்லி 2015லேயே சுற்றறிக்கை போயிருக்கிறது, அந்தக் குழுவின் பெயரிலேயே எழுதுங்கள். தமிழக அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" பெட்டி உண்டு. அது எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஹெச்.எம். அறை வாசலில் எல்லோர் கண் முன்னாலும் இருந்தால் அதில் சீட்டுப் போட எந்தப் பிள்ளைக்கும் துணிச்சல் வராது. பள்ளி அசையவில்லை என்றால் உதவி எண்கள் உண்டு: கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098.

பள்ளி செய்யக்கூடாதவற்றில் முதலிடம் அந்தப் பழைய சமாதானத்துக்கு: "ரெண்டு பேரும் கை கொடுங்க, இனிமே ஃபிரெண்ட்ஸ்." சமபலம் உள்ள இருவர் சண்டை போட்டால் இது சரிப்படும். இங்கே பலம் சமமில்லை. அறைக்குள் கை கொடுத்தவன் வெளியே வந்து என்ன கேட்பான் என்று அறையில் இருந்த பெரியவர்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். வகுப்பின் முன் நிறுத்தி "யாரு, காட்டு" என்பதும், பெற்றோர் நேராக அந்தப் பையன் வீட்டுக்குப் போவதும் இதே ரகம். உடனே டி.சி. கொடுத்து அனுப்புவது வேகமாகத் தெரியும், ஆனால் கும்பலின் மற்ற நான்கு பேர் அதே வகுப்பில்தான் இருப்பார்கள்.

ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி குழு உருவாக்கிய கிவா என்ற துன்புறுத்தல் தடுப்புத் திட்டம் வேறு வழியில் போகிறது. பாதிக்கப்பட்டவரோடு முதலில் தனியாகப் பேச்சு. பிறகு துன்புறுத்தியவர்களை ஒவ்வொருவராகத் தனித்தனியே அழைத்து, அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பது. ஒருவர் வெளியே போய் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்க நேரம் விடாமல் அடுத்தடுத்து அழைப்பார்கள். சில நாள் கழித்து மீண்டும் சந்திப்பு. இதில் எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று: வகுப்பில் மதிப்புள்ள, நல்ல குணமுள்ள இரண்டிலிருந்து நான்கு மாணவர்களிடம் வகுப்பாசிரியர் தனியாகப் பேசி, பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையாக இருக்கச் சொல்வது. ஏனென்றால் இந்த நாடகம் பார்வையாளர்களுக்காகவே நடக்கிறது. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து 2001ல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது சம்பவங்களில் சக மாணவர்கள் சுற்றி நின்றிருந்தார்கள், ஆனால் யாராவது தலையிட்டது 19 சதவீதத்தில்தான். தலையிட்டவற்றில் பாதிக்கும் மேல் பத்தே நொடியில் நின்றுபோனது. நடுவே பாய்ந்து சண்டை போட வேண்டியதில்லை. "வாடா, சார் கூப்பிடறார்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதே போதும். இதைப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டிப் பழக்கலாம். அறிவுரையாகச் சொன்னால் மறுநாளே மறந்துவிடும்.

போனில் நடப்பது தனி. ஒருவரை மட்டும் விட்டுவிட்டு அமைக்கும் கிளாஸ் குரூப், முகத்தை வெட்டி உருவாக்கும் வாட்ஸ்அப் ஸ்டிக்கர், பொய்ப் பெயரில் இன்ஸ்டா கணக்கு. பெற்றோர் பதறிப்போய் முதலில் செய்வது பிளாக், டெலிட். ஆதாரம் அதோடு போய்விடும். முதலில் எண்ணும் பெயரும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மேலிருந்து கீழே ஸ்க்ரோல் செய்து ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுங்கள், பிறகு பிளாக் செய்யுங்கள். இதற்கு ஒரே விதிவிலக்கு ஆபாசப் படங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படமோ, முகம் ஒட்டிய ஆபாசப் படமோ வந்திருந்தால் நகல் எடுக்காதீர்கள், ஹெச்.எம்.முக்குக்கூட ஃபார்வர்டு செய்யாதீர்கள், அதை அனுப்புவதே குற்றம். போனை அப்படியே எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போங்கள். அது போக்சோ வழக்கு. இன்னொரு விஷயம், தண்டனையாகப் பிள்ளையின் போனைப் பிடுங்கினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே சொல்லாது.

தூக்கம் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால், கையில் கீறல்கள் தெரிந்தால், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" போன்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், பள்ளியின் விசாரணை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

தொந்தரவு நின்றுவிட்டால் படிப்பு தானாகத் திரும்பிவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. பயம் போனாலும் பாடத்தில் விழுந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும். வருகைப் பதிவேட்டில் விடுப்பு எடுத்த தேதிகளையும், சிவப்புக் கட்டமாக இருந்த பீரியடுகளையும் எடுத்து, அந்த நாட்களில் நடந்த பாடங்களைப் பட்டியல் போடுங்கள். கணக்கை மட்டும் முதலில் தொடுங்கள், தினம் இருபது நிமிடம், விட்ட இடத்திலிருந்து. எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து டியூஷனில் தள்ளினால், அந்த டியூஷனிலேயே பழைய கும்பல் உட்கார்ந்திருக்கலாம். வாய்விட்டுப் பதில் சொல்ல இன்னும் கூசும் பிள்ளையிடம் ஆசிரியர் சில வாரம் எழுதி வாங்கலாம், பிறகு பக்கத்து மாணவரோடு சேர்ந்து சொல்லவைக்கலாம், அதன் பிறகு தனியாக. தைரியம் வரட்டும் என்று ஒரேயடியாக கிளாஸ் லீடர் ஆக்கிவிடும் ஆசிரியர்கள் உண்டு. பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுதும் வேலையை அந்தப் பிள்ளையிடம் கொடுப்பது பகையை மறுபடி விலைக்கு வாங்குவது போல. பள்ளிக்கே போகாமல் நின்றுவிட்ட பிள்ளைக்கு முதல் நாள் பச்சைக் கட்டமான இரண்டு பீரியடோடு தொடங்கி, இரண்டு வாரத்தில் முழு நாளுக்கு வரலாம். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் போவதைக் கடினமாக்கும்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது பிரிவுகளைக் கலைத்து அடுக்குவார்கள். வகுப்பாசிரியர் புதியவர், சில பள்ளிகளில் ஹெச்.எம்.மே புதியவர். போன வருஷம் பிரித்து வைத்த இருவர் ஒரே பெஞ்சில் வந்து உட்கார்வது அன்றைக்குத்தான் நடக்கும், அதுவும் யாருக்கும் தெரியாமல். முத்திரை போட்ட அந்த நகலின் ஜெராக்ஸ் ஒன்றை மே மாதக் கடைசியிலேயே பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, பிரிவுப் பட்டியல் ஒட்டுவதற்கு முன் பார்க்கச் சொல்லுங்கள்.